அளவு குறைந்த நான்கு நாள்

என் தங்கையின் கணவர் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் அவருக்குப் பெருங்குடலில் கட்டி என்று அறுவை செய்தார்கள். உள்ளே போட்ட தையல் ஆறும்வரை அதன் வழியாக எதுவும் போகக் கூடாது என்பதற்காக, சிறுகுடலின் ஒரு வளையத்தை வயிற்றின் வலது பக்கத்தில் வெளியே எடுத்துத் திறந்துவிட்டு, அதன்மேல் ஒரு பையை ஒட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். இலியாஸ்டமி என்று அதற்குப் பெயர். மூன்று மாதம் கழித்துக் குடலை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

அந்த மூன்று மாதத்தில் பை மாற்றுவதற்காக வேப்பம்பட்டில் என் வீட்டில்தான் பாதி நாள் இருந்தார். பைகள் வந்த அட்டைப்பெட்டியை முதல் நாள் திறந்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசான பை. தோலில் ஒட்டுவதற்கு மெழுகு போல வளைந்துகொடுக்கும் ஒரு தட்டு. வாடை வெளியே வராது. ஒட்டினால் நாலு நாள் அசையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து பார்க்க வந்த நர்ஸ் பெண், நானும் அந்தத் தொழிலில் இருந்தவள் என்று தெரிந்ததும், "உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படிம்மா சமாளிச்சீங்க?" என்று கேட்டாள்.

"பஞ்சையும் பக்கெட்டையும் வச்சுத்தான்" என்றேன். அவள் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு நேரமில்லை. நான் சொன்னதும் முழுப் பதிலில்லை. முழுப் பதிலை எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் திருநின்றவூர்க்காரி. பெயர் மரகதம். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன். பத்தாவது முடித்ததும் மெட்ராஸில் மூன்று வருஷம் நர்ஸ் பயிற்சி. அதில் என்ன படித்தேன் என்று கேட்டால், படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பது, எவ்வளவு பசித்தாலும் முகத்தில் காட்டாமல் நிற்பது, இந்த இரண்டும்தான் உடனே ஞாபகம் வருகிறது. ஐம்பதுகளின் நடுவில் பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை.

நாற்பது கட்டில். மின்சாரம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் கிடையாது. ரயில் நிற்கும் ஓர் ஊர், சுற்றிப் பனைமரமும் நெல்வயலும், அவ்வளவுதான். எங்களிடம் வந்தவர்கள் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பவர்கள், உப்பளத்தில் வேலை செய்பவர்கள், வயல்காரர்கள், பழவேற்காட்டு முஸ்லிம் வியாபாரக் குடும்பங்கள். வெயில் காலத்தில் தண்ணீர் வற்றும்போது டைபாய்டு வரும். வீட்டிலேயே இரண்டு மூன்று வாரம் காய்ச்சலோடு கிடந்துவிட்டு, குடலில் ஓட்டை விழுந்து வயிறு கல்லாக இறுகிய பிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அறுவை செய்தவர் டாக்டர் செல்வநாயகம். குடல் நைந்துபோய்த் தையல் நிற்காது என்றால் அந்த இடத்தை வெளியே எடுத்துவிடுவார். உயிர் தப்பும். அதன் பிறகுதான் எங்கள் வேலை தொடங்கும். சிறுகுடலிலிருந்து வருவது மலம் இல்லை. தண்ணீராக, மஞ்சளாக, நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். சோற்றைக் கரைக்கும் நீர் அதிலேயே இருப்பதால் தோலில் பட்டால் தோலையும் கரைக்கும். இப்போது குடலின் நுனியைச் சட்டைக் கையை மடிப்பது போல் மடித்து, மூக்கு மாதிரி வெளியே நீட்டித் தைக்கிறார்கள். அப்போது எங்கள் ஊரில் அது தெரியாது. துவாரம் வயிற்றோடு ஒட்டி இருக்கும். வருவது எல்லாம் நேராகத் தோலில்தான் வழியும். இரண்டாம் நாளே சுற்றிலும் சிவந்து, நாலாம் நாள் வெந்த புண்ணாகிவிடும்.

ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு இரண்டுக்கும் பொறுப்பாக இருந்தவர் எஸ்தர் சிஸ்டர். ராணிப்பேட்டைக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. காலையில் வார்டுக்குள் வந்ததும் சார்ட்டைப் பார்க்க மாட்டார். கட்டிலின் கால்மாட்டில் நின்று போர்வைக்குள் கையை விட்டு நோயாளியின் பாதத்தைத் தொடுவார். பிறகு முகத்தைப் பார்த்து ஏதாவது சாதாரணமாகக் கேட்பார். நேற்று யார் பார்க்க வந்தார்கள், காப்பி சூடாக இருந்ததா என்பது மாதிரி. பதில் சொல்ல வாய் திறக்கும்போது நாக்கைப் பார்த்துக்கொள்வார். அது முடிந்த பிறகுதான் சார்ட்டுக்குக் கை நீட்டுவார். ஏன் முதலில் சார்ட்டைப் பார்ப்பதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "அது நீங்க எழுதினது" என்றார்.

வயிற்றில் துவாரம் வைத்த நோயாளிக்குக் கட்டு மாற்றுவதை அவர்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தார். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர். சோப்பு கூடாது. ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். "துடைக்காதே, ஒற்று" என்று கூடவே நின்று நூறு தடவையாவது சொல்லியிருப்பார். பிறகு உலர்ந்த பஞ்சால் அதே மாதிரி ஒற்றி ஈரம் போக்க வேண்டும். துவாரத்தின் வாயில் ஒரு பஞ்சுத் துண்டை வைத்துப் பிடித்துக்கொண்டால் ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ கிடைக்கும். அதற்குள் துத்தநாகக் களிம்பை விளக்கெண்ணெயில் குழைத்து, இட்லி மாவுப் பதத்தில், துவாரத்தைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்துப் பூச வேண்டும். பழைய களிம்பு தோலில் ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டக் கூடாது. அதன்மேலேயே பூச வேண்டும். சுரண்டினால் புதிதாக வளர்ந்த தோலும் சேர்ந்து வந்துவிடும்.

பை என்று இரண்டுதான் இருந்தன. சிவப்பு ரப்பரில் கனமாக, வாயில் கெட்டியான வளையத்தோடு, இடுப்பில் கட்டும் வாரோடு. ஒன்றை நோயாளிக்குக் கட்டினால், மற்றொன்றைக் கழுவி, பெர்மாங்கனேட் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, பவுடர் போட்டு வைக்க வேண்டும். எவ்வளவு கழுவினாலும் ரப்பரிலிருந்து அந்த வாடை போகாது. புண்ணான தோலில் பையைக் கட்டவும் முடியாது. அப்போது சிஸ்டர் செய்ததுதான் எனக்கு முதலில் அதிர்ச்சியாக இருந்தது. நோயாளியைக் குப்புறப் படுக்கப் போட்டுவிடுவார். ஒரே கட்டிலில் இரண்டு சின்ன மெத்தைகளை இடைவெளி விட்டுப் போட்டு, துவாரம் அந்த இடைவெளிக்கு நேரே வரும்படி கிடத்துவார். வருவது தோலில் படாமல் நேராகக் கீழே பேசினில் சொட்டும். தோல் தானாகக் காய்ந்து ஆறும்.

அப்படி நான் பார்த்த முதல் ஆள் முனுசாமி. ஏரிக்கரைக் குப்பத்து மீனவர். குடலிறக்கம் சிக்கிக்கொண்டு குடல் கறுத்துப்போய் வந்தவர். எட்டு நாள் குப்புறக் கிடந்தார். மூன்றாம் நாள் நான் கஞ்சி கொடுக்கப் போனபோது, தலையணையில் கன்னத்தை வைத்தபடி, "இன்னா நர்சம்மா, மீனு காயப்போட்டா கூட ஒரு நாளிக்கு ரெண்டு தபா திருப்பிப் போடுவோம். என்ன மட்டும் இப்டியே உட்டுட்டீங்களே" என்றார். வார்டே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "காயலைன்னா கருவாடு கெட்டுடும் முனுசாமி" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். முனுசாமி பிழைத்தார். குடலை மூடி வீட்டுக்குப் போகும்போது வெந்த தோலில் ஒரு தழும்பு கூட இல்லை. அதைப் பார்த்த பிறகு, இந்த வேலை எனக்குக் கைவந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.

அடுத்த வருஷம் வெயில் காலத்தில் ஜுலைகா வந்தாள்.

பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்த இபுராகிம் என்பவரின் மனைவி. இருபத்து நாலு வயது. எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று. மூன்று வாரக் காய்ச்சலுக்குப் பிறகு, நெல்லு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துக் கூட்டிவந்தார்கள். டாக்டர் திறந்து பார்த்தபோது குடலில் இரண்டு ஓட்டைகள். தையல் ஊசி பட்ட இடமெல்லாம் ஈரக் காகிதம் போலக் கிழிந்ததாம். அந்தப் பகுதியை வெளியே எடுத்து வைத்துவிட்டு வந்தார். வராந்தாவில் நின்ற இபுராகிமிடம், "உயிருக்கு இப்ப பயமில்லை. பத்து வாரம் கழிச்சு உள்ள வச்சு மூடிடலாம். அதுவரைக்கும் வயித்து வழியாத்தான் போகும்" என்றார்.

இபுராகிம் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "வயித்து வழியான்னா, எப்டி டாக்டரய்யா?" என்று கேட்டார். டாக்டர் விளக்கினார். அவருக்குப் புரியவில்லை என்று தெரிந்தது. உள்ளே கூட்டிப்போய்க் காட்டியபோது புரிந்தது.

முதல் இரண்டு வாரம் முனுசாமிக்கு நடந்தது போலவேதான் நடந்தது. தோல் வெந்தது. ஆறு நாள் குப்புறப் போட்டோம். ஜுலைகா முனுசாமி மாதிரி பேசவில்லை. ஒரு சத்தமும் போட மாட்டாள். கட்டு மாற்றும்போது முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொள்வாள். வலிக்கிறதா என்று கேட்டால், "இல்ல நர்சம்மா" என்பாள். தோல் ஆறியதும் ரப்பர் பையைக் கட்டி உட்காரவைத்தோம். பை கசியும். ஒரு நாளைக்கு நாலைந்து முறை சேலை மாற்ற வேண்டும். இருபது பேர் படுத்த பெண்கள் வார்டு. யாராவது மூக்கைப் பொத்தினால் அவளுக்குத் தெரிந்துவிடும். குழந்தையை வார்டுக்குள் விடுவதில்லை. இபுராகிம் ஜன்னலுக்கு வெளியே நின்று தூக்கிக் காட்டுவார். குழந்தை கையை நீட்டும். இவள் கையை நீட்ட மாட்டாள். பைக்குமேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு, திரும்பிப் படுத்துவிடுவாள்.

மூன்றாவது வாரம் எஸ்தர் சிஸ்டர் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக நாலு நாள் லீவில் ராணிப்பேட்டைக்குப் போனார். போகும்போது பெண்கள் வார்டை என் பொறுப்பில் விட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் போன அன்று காலை ஒரே நேரத்தில் மூன்று பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள். நான் ஜுலைகாவுக்குப் பை மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த வாரத்தில் முதல் முறையாக அவளாக ஒரு கேள்வி கேட்டாள்.

"நர்சம்மா, இது எப்ப நிக்கும்?"

"எது?"

"இந்த வர்றது. ஒரு நாழி கூட நிக்காம வந்துகினே கீதே."

நான் வாரைக் கட்டியபடியே, "நீ சாப்பிடறதுக்குத் தகுந்த மாதிரிதான் வரும்" என்றேன். புதிதாக வந்தவர்களில் ஒருத்தி வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. ஓடிவிட்டேன்.

பையிலிருந்து வருவதை அவுன்ஸ் கணக்கில் அளந்து சார்ட்டில் எழுதுவது என் வேலை. சிஸ்டர் போவதற்கு முந்தைய இரண்டு நாளும் இருபத்தெட்டு, இருபத்தேழு என்று இருந்தது. அவர் போன நாள் பதினெட்டு. மறுநாள் பதினாலு. அதற்கு மறுநாள் பதினொன்று. பை கசியவில்லை. சேலை நனையவில்லை. தோல் அழகாக ஆறிக்கொண்டு வந்தது. குடல் பழகிவிட்டது, இனிக் குறைந்துகொண்டே வரும் என்று நினைத்தேன். அப்படிக் குறைவதும் உண்டுதான். டாக்டரிடம் சார்ட்டைக் காட்டினேன். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் அவசரத்தில் அவர் பார்த்துவிட்டு, "குட், மரகதம். நல்லாப் பாத்துக்கிட்டிருக்கே" என்றார். நாலாம் நாள் எட்டு அவுன்ஸ். அதைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டேன். சிஸ்டர் வந்ததும் கண்ணில் பட வேண்டும் என்று.

ஜுலைகா நாள் முழுக்கத் தூங்கினாள். களைப்பு என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு சிஸ்டர் வந்தார். தலையில் கல்யாண வீட்டுக் கனகாம்பரம் இருந்தது. அப்படி அவரைப் பார்த்ததே இல்லை. வழக்கம் போலக் கட்டில் கட்டிலாகப் பாதத்தைத் தொட்டுக்கொண்டு வந்தார். நான் சார்ட்டைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு கூடவே நடந்தேன். ஜுலைகாவின் பாதத்தைத் தொட்டவர் கையை எடுக்கவில்லை.

"ஜுலைகா, மாப்பிள்ளை நேத்து வந்தாரா?"

அவள் கண்ணைத் திறந்தாள். வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை.

சிஸ்டர் அவள் புறங்கைத் தோலை இரண்டு விரலால் இலேசாகக் கிள்ளித் தூக்கி விட்டார். தோல் கீழே இறங்கவில்லை. மடித்த துணி மாதிரி அப்படியே நின்றது. ஜுலைகா திடீரென்று காலை இழுத்துக்கொண்டு முனகினாள். கெண்டைக்காலில் சதை முறுக்கிக்கொண்டு உருண்டை உருண்டையாகத் தெரிந்தது.

"யூரின் எவ்வளவு போச்சு?"

பையிலிருந்து வந்ததைத்தான் அளந்தேன். அதை அளக்கவில்லை.

"என்ன சாப்பிட்டா?"

"வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தேன் சிஸ்டர். டம்ளர் காலியாத்தான் திரும்பி வந்தது."

சிஸ்டர் பக்கத்துக் கட்டிலில் இருந்த ரங்கம்மாவைப் பார்த்தார். கை முறிந்து வந்திருந்த வயல்காரப் பெண். நல்ல ஆரோக்கியமாக உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கஞ்சியா?" என்று அவளே சொன்னாள். "நான் தான் குடிச்சேன் சிஸ்டரம்மா. வாணாம், நீ குடின்னு இந்தப் பொண்ணு நீட்டுச்சு. கொட்டறதுக்கு மனசு வர்ல. தப்பா?"

"தண்ணி?"

"தண்ணியும் குடிக்கல. உதட்ட மட்டும் தொட்டுத் தொட்டு நனைச்சிக்கும்."

சிஸ்டர் கனகாம்பரத்தைத் தலையிலிருந்து எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, "டாக்டரைக் கூப்பிடு. ஓடாதே, வேகமா நட" என்றார்.

கையில் ஒரு நரம்பு கூடக் கிடைக்கவில்லை. எல்லாம் வற்றி உள்ளே போயிருந்தன. டாக்டர் கணுக்காலுக்கு மேலே தோலைக் கீறி, நரம்பைத் தேடி எடுத்து, அதில் ஊசியைக் கட்டினார். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே காய்ச்சித் தயாரித்த உப்புத் தண்ணீர் கண்ணாடிக் குடுவையில் தொங்கியது. ஒன்று முடிய ஒன்று. நான் குடுவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாடி கைக்குத் தட்டுப்படவே இல்லை. பகல் பன்னிரண்டு மணி வாக்கில் அவள் என்னைப் பார்த்து, "உம்மா" என்றாள். அவளைப் பெற்ற தாய் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. என் பிடியில் குடுவை தாழ்ந்தது. சிஸ்டர் என் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்து நிறுத்தினார்.

இபுராகிம் குழந்தையோடு வந்து ஜன்னலில் நின்றார். உள்ளே வர வேண்டாம் என்று சொன்னோம். அவர் போகவில்லை. வெயிலில் நின்றபடியே இருந்தார். குழந்தை அழுது அழுது அவர் தோளில் தூங்கிவிட்டது.

சாயங்காலம் நாலரைக்கு, நான்காவது குடுவை பாதி இறங்கியபோது, ஜுலைகா சிறுநீர் கழிக்கப் பெட்பேன் கேட்டாள். மூன்று அவுன்ஸ், காப்பி நிறத்தில். சிஸ்டர் அதை வாங்கி, கண்ணாடி அளவையில் ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தங்கத்தை எடை போடுபவர் கூட அப்படிப் பார்க்க மாட்டார். பிறகு ஜன்னல் பக்கம் போய், "இபுராகிம் பாய், தண்ணி பிரிஞ்சிடுச்சு. போய்ச் சாப்பிடுங்க" என்றார். அந்த மனிதர் குழந்தையைக் கீழே விடாமலே அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் ஜுலைகா நன்றாகப் பேசினாள். சிஸ்டர் கட்டிலருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கவில்லை. "என்ன வேணும் உனக்கு?" என்று கேட்டார்.

ஜுலைகா பைமேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். "தொழணும் சிஸ்டரம்மா. கை கால் கழுவி ஒளு எடுத்து முடிக்கறதுக்குள்ளயே கசிஞ்சிடுது. இந்த அசிங்கத்தோட எப்டித் தொழுவுறது? புள்ளயத் தூக்கறதுக்கும் கை கூசுது. சாப்ட்டாத்தானே வரும்னு, சாப்டாம இருந்துட்டேன்."

நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. யார் அப்படிச் சொன்னது என்று சிஸ்டரும் கேட்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தார்.

சிஸ்டர் இபுராகிமை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "எங்களுக்கு உங்க மார்க்க விஷயம் தெரியாது. இந்த மாதிரி நோயாளிக்கு என்ன வழின்னு உங்க பெரியவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றார்.

"எப்டி சிஸ்டரம்மா கேக்கறது? பொம்பள ஒடம்பு சமாச்சாரம். பள்ளிவாசல்ல போய்க் கேக்க வாய் வர்ல."

"போய்க் கேளுங்க. இது மருந்து மாதிரிதான்."

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். வரும்போதே முகம் மாறியிருந்தது. ஜன்னலில் நின்று உள்ளே பார்த்துச் சத்தமாகவே சொன்னார். "பள்ளிவாசல் ஹஜ்ரத்து சொல்லிட்டாரு ஜுலைகா! நோவுல கீறவங்க ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் ஒரு தபா ஒளு எடுத்தா போதுமாம். அப்பால அதும்பாட்டுக்குக் கசிஞ்சாலும் தொழுகை கூடிடுமாம். நீ ஒண்ணும் பாவம் பண்ணலையாம். இத்த முன்னாடியே வந்து கேக்கறதுக்கின்னான்னு என்னத் திட்னாரு."

சிஸ்டர், "எத்தனை வேளை தொழுவீங்க?" என்று கேட்டார். ஐந்து வேளை, எந்தெந்த நேரம் என்று இபுராகிம் சொன்னார். சிஸ்டர் சார்ட்டை வாங்கி, பை காலி செய்யும் நேரம் என்று இருந்த இடத்தில் அந்த ஐந்து நேரத்துக்கும் கால் மணி முன்னதாகக் குறித்தார். அதற்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு கட்டம் போட்டார். ஒன்றில் வாய்வழி உள்ளே போனது, ஒன்றில் சிறுநீர். உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் எவ்வளவு, எந்த நேரம் என்று எழுதி, "குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உட்காரு" என்று என்னிடம் கொடுத்தார். ஜுலைகா கட்டிலில் உட்கார்ந்தபடியே தொழுதாள். அந்த நேரத்தில் ரங்கம்மா பக்கத்திலிருந்தவர்களைப் பேச விட மாட்டாள்.

அன்று மத்தியானம் சிஸ்டர் வார்டு ரிப்போர்ட் நோட்டை என் முன்னால் வைத்தார். "நாலு நாளும் நடந்ததை எழுது. நீ என்ன சொன்னேன்னும் எழுது."

எழுதினேன். அளவுகளை எழுதினேன். டாக்டர் பாராட்டியதை எழுதலாமா என்று யோசித்து, எழுதாமல் விட்டேன். நான் ஜுலைகாவுக்குச் சொன்ன பதிலை அப்படியே எழுதினேன். எழுதும்போதுதான் அதில் பொய் ஒன்றுமில்லை என்பது உறைத்தது. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. டியூட்டி மாறும் நேரத்தில் எல்லா நர்ஸும் நிற்க, சிஸ்டர் என்னையே அதை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும், "கேள்வி ஏதாவது இருக்கா?" என்று மற்றவர்களைக் கேட்டார். யாருக்கும் இல்லை. நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, எனக்கு மறுநாளும் அதே கட்டிலையே கொடுத்தார்.

பத்தாவது வாரம் டாக்டர் குடலை உள்ளே வைத்து மூடினார். மூடிய பிறகு நாங்கள் காத்திருந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக. காற்று பிரிய வேண்டும். உள்ளே வழி திறந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் வயிறு கொஞ்சம் உப்பியது. டாக்டர் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு உறிஞ்சினோம். நான்காம் நாள் பகல், நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஜுலைகா சட்டென்று முகம் சிவந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கும் கேட்டது. அடுத்த கட்டில்காரிக்கும் கேட்டது. நான் சீப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி வேகமாக நடக்கவில்லை, ஓடினேன். டாக்டர் தன் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னதும் எச்சில் கையோடு எழுந்து வந்தார்.

இன்னும் இரண்டு வாரம் கழித்து அவளை வீட்டுக்கு அனுப்பினோம். காய்ச்சல் கிருமி இல்லை என்று சோதித்த பிறகு குழந்தையை உள்ளே விட்டிருந்தோம். ஆரம்பத்தில் அது அம்மாவை அடையாளம் தெரியாமல் வீறிட்டது. மூன்று நாளில் ஒட்டிக்கொண்டது.

பஸ் நிற்கும் வேப்பமரம் வரை நான் கூடப் போனேன். இபுராகிம் மூட்டைகளோடு முன்னால் நடந்தார். ஜுலைகா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெதுவாக வந்தாள். எத்தனையோ நாளாகச் சொல்ல நினைத்ததை அங்கேதான் சொன்னேன்.

"ஜுலைகா, அன்னிக்கு நான் யோசிக்காம ஒண்ணு சொல்லிட்டேன். சாப்பிடறதுக்குத் தகுந்த மாதிரி வரும்னு. அதக் கேட்டுத்தானே நீ பட்டினி கிடந்தே. என்னால உன் உயிரே போயிருக்கும்."

அவள் நின்றாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ சொன்னதுக்கு இன்னா நர்சம்மா? அதுக்கு ரெண்டு நாள் முந்தியே நான் சாப்பாட்ட உட்டுட்டேன். நானாத்தான் உட்டேன்."

அந்த இரண்டு நாளின் அளவுகள் எனக்கு மனப்பாடம். இருபத்தெட்டு, இருபத்தேழு. ஒன்றும் சாப்பிடாதவளுக்கு அவ்வளவு வராது. அவள் என் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். மூன்று மாதத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்படியா" என்றேன்.

"ஆமா" என்றாள்.

பழவேற்காட்டு பஸ் வந்தது. இபுராகிம் மூட்டைகளைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். ஜுலைகா குழந்தையை அவரிடம் கொடுக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, குழந்தையோடு தானே படியேறிப் போய் உட்கார்ந்தாள்.